நோராவைத் திருப்பிப் படுக்க வைத்த நேரங்கள்

காலை எட்டு இருபதுக்கு ஷீலாவிடமிருந்து போன் வந்தது. கடற்கரைச் சாலையில் தங்கும் விடுதி நடத்துகிறவள். எங்கள் மேலாளர் லொரெய்னுக்குச் சித்தி மகள். முந்தின நாள் சாயங்காலம் தனியாக வந்து அறை எடுத்த பொம்பளை இப்போது முட்டையும் பேக்கனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், மேசைமேல் ஆய்வாளர் அடையாள அட்டை கிடக்கிறது, லார்ச்வுட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தன்னிடமே வழி கேட்டாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

லார்ச்வுட் என்பது எங்கள் முதியோர் இல்லம். ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லாமல் வருகிறவர்களும் எங்கேயாவது படுத்து எங்கேயாவது சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? வட இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரையில் எங்கள் ஊர் அளவுக்கு இருக்கும் ஊரில் யாரும் யாருக்கும் தெரியாமல் வந்துவிட முடியாது. அந்தப் போன் வந்ததும் நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்தேன். வராமலே இருந்திருக்கலாம். அது கொடுத்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் எல்லோர் தலையிலும் நான் மண்ணை அள்ளிப் போட்டேன்.

என் பெயர் பெர்னடெட். பெர்னி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து மூன்று, அதில் பத்தொன்பது வருஷம் லார்ச்வுட்டில் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், பீத்துணி மாற்றுவேன், செத்தவர்களுக்குத் தலைவாரி விட்டிருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், கோபம் சட்டென்று வரும், ஆனால் ஒரு கிழவரையும் ஒருநாளும் வலிக்கத் தொட்டதில்லை. எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். எழுத்து வேலை. செய்த வேலையை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். ரெண்டு ஆள் குறைவாக வைத்துக்கொண்டு முப்பத்தோரு பேரைப் பார்க்கச் சொன்னால், புரள முடியாதவர்களைத் திருப்பிப் போடுவதா, திருப்பிப் போட்டதை எழுதுவதா? நான் திருப்பிப் போட்டேன். எழுதவில்லை.

இல்லங்களுக்கு நாலு தரம் உண்டு. மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. போன வருஷம் எங்களுக்கு மூன்றாவது கிடைத்தது. அதுவே பரவாயில்லை, ஒப்பேற்றிக்கொண்டு போகலாம். கடைசிக்கு இறங்கினால் கதை முடிந்தது. நகராட்சி புதிதாக முதியவர்களை அனுப்பாது, இருக்கிறவர்களையும் எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் முதலாளி மான்செஸ்டரில் இருந்தார். இல்லத்தை மூடிவிட்டுக் கடலைப் பார்த்த அந்தக் கட்டடத்தை அடுக்ககமாக்கி விற்பதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூடினால் எனக்கு வேலை போகும், போகட்டும், கடையில் நின்று சாமான் அடுக்கினாலும் பிழைத்துக்கொள்வேன். என் பயமெல்லாம் ஏழாம் எண் அறையைப் பற்றித்தான். வில்ஃபும் நோராவும் இருந்த அறை.

வில்ஃப் ஃபேர்கிளஃப் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர். எண்பத்தாறு வயது. கால் மட்டும்தான் தகராறு, மற்றபடி நாக்கில் விஷமம் குறையாத மனுஷர். நோரா அவர் பெண்டாட்டி. கல்யாணமாகி அறுபத்தோரு வருஷம். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை, தானாகப் புரளவும் முடியாது. ரெண்டு மணிக்கு ஒருதரம் இடமும் வலமுமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். வில்ஃப் காலையில் எழுந்ததும் அவள் கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்வரை அங்கேதான். அவள் கை அவர் கையில் இருந்தால் சாப்பிடுவாள். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். அவருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் மாடியில் தனியாகப் படுக்க வைத்தபோது அவள் ஒரு கரண்டி கஞ்சிகூட இறக்கவில்லை.

இவர்களைப் பற்றி நகராட்சிச் சமூகசேவகர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். நோராவுக்கு நர்ஸ் இருக்கிற இல்லம் வேண்டும். வில்ஃபுக்கு நர்ஸ் தேவையில்லை, அதனால் அப்படிப்பட்ட இல்லத்தில் அவருக்கு இடம் தர மாட்டார்கள். ரெண்டு வகை ஆட்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள இடம் அந்த வட்டாரத்தில் லார்ச்வுட் ஒன்றுதான். அதாவது, இங்கே இருக்கிறவரைதான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி.

வில்ஃபுக்கு இது தெரியும். போன வருஷத் தரம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, எங்களைப் பிரிச்சிட மாட்டாங்களே?" என்று கேட்டார். கிண்டல் பேசியே பழகிய மனுஷர் அன்று சிரிக்காமல் கேட்டார். நான் இருக்கும்வரை அது நடக்காது என்றேன். என் வாயை எதில் கொண்டுபோய் வைக்க.

ஷீலாவின் போன் வந்ததும் லொரெய்ன் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. மேசைமேல் நோராவின் சார்ட் கோப்பைத் திறந்து வைத்திருந்தாள். நோராவைத் திருப்பிப் படுக்க வைத்த நேரமெல்லாம் எழுத வேண்டிய கோப்பு அது. மூன்று வாரத்துப் பக்கங்களில் பாதிக் கட்டங்கள் பல் விழுந்த வாய் மாதிரி காலியாகக் கிடந்தன. நோராவின் இடுப்புக்குக் கீழே ஒரு காசு அளவுக்குப் புண் தொடங்கியிருந்தது. புண் இருக்கிறது, திருப்பிய பதிவு இல்லை என்றால் ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

லொரெய்ன் எதுவும் செய்யச் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன், அவள் சொல்லவில்லை. கோப்பின் பக்கத்தில் மூன்று பேனாக்களை வைத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று கொஞ்சம் வெளிறிய நீலம். வைத்துவிட்டு, சமையலறையில் குளிர்பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். விவரமான பொம்பளை.

கமீலா உள்ளே வந்தாள். என்னோடு சேர்ந்து நோராவைத் திருப்புகிறவள். போலந்துக்காரி, ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். ஒருத்தியாக நோராவைத் திருப்ப முடியாது, பகலில் எப்போதும் நாங்கள் ரெண்டு பேர்தான். பேனாக்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் பெர்னி," என்றாள். "எழுதலைன்னா எழுதலைதான். காலியாவே இருக்கட்டும்."

நமக்கு வேலை செய்யத் தெரியும், எழுதத்தான் தெரியவில்லை, இதற்காக அவர்கள் ரெண்டு பேரையும் பிரிக்க விடுவதா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். நாம் திருப்பினோமா இல்லையா? ஒவ்வொரு தடவையும் திருப்பினோம். அப்படியென்றால் இது பொய் எப்படியாகும், உண்மையைத்தானே எழுதப்போகிறேன், கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், அவ்வளவுதானே. இப்படியெல்லாம் பேசினேன். பேசப்பேச எனக்கே அது நியாயமாகப் பட்டது.

"என் பேரைப் போடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். எழுதினேன். பத்து மணி இடது. பன்னிரண்டு வலது. ரெண்டு இடது. நாலு வலது. ஒரு நாளைக்குக் கறுப்புப் பேனா, மறுநாளைக்கு நீலம். நடுவே ஒன்றிரண்டு கட்டத்தைக் காலியாக விட்டேன், எல்லாம் நிறைந்திருந்தால் நம்ப மாட்டார்கள் என்று. அவ்வளவு கெட்டிக்காரி நான். கை தானாக ஓடியது. தேதியைப் பார்த்தேனே தவிர அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று நினைக்கவில்லை. ஒன்பதே காலுக்கு முடித்துவிட்டுக் கோப்பை நர்ஸ் அறை அலமாரியில் வைத்தபோது கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

ஆய்வாளர் ஒன்பதரைக்கு வந்தாள். பெயர் ரூத் கார்ட்மெல். குட்டை முடி, மழைக்கோட்டு, தட்டைச் செருப்பு. கடுகடுவென்று இருப்பாள் என்று பயந்திருந்தேன். அப்படி இல்லை. முன்பு நர்ஸாக இருந்தவளாம். உள்ளே நுழைந்ததும் பேப்பரைக் கேட்கவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது மணியடித்தால் எத்தனை நிமிஷத்தில் ஆள் போகிறது, தேநீர் கொடுக்கும்போது குனிந்து கண்ணைப் பார்த்துக் கொடுக்கிறோமா, மேலிருந்து நீட்டுகிறோமா, எல்லாவற்றையும் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேக வைத்த ஹாட்பாட். ஒரு தட்டு வாங்கி அவர்களோடேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்கள் வீட்டில்கூட இவ்வளவு நன்றாக வராது என்று சமையல்காரியிடம் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு நானும் கமீலாவும் நோராவைத் திருப்பினபோது கூடவே நின்றாள். நாங்கள் நோராவிடம் சொல்லிவிட்டுத் தொட்டதையும், முட்டிக்கு நடுவே தலையணை வைத்ததையும் பார்த்தாள். புண்ணைப் பார்த்தாள். சின்னதுதான், சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றாள். கமீலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்படியே கால் தரையில் பாவவில்லை. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். நன்றுகூடக் கிடைக்கலாம் என்று லொரெய்ன் என் காதில் சொன்னாள்.

அப்புறம் ஆய்வாளர் வில்ஃப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் சிரிப்பு கேட்டது. பெர்னி போடும் தேநீரில் மீனைக் கழுவலாம் என்று என்னைப் பற்றி வழக்கமான நக்கல். முக்கால் மணி நேரம் பேசினார்கள். வாய்க்கு ஆள் கிடைத்துவிட்டது அவருக்கு, நல்லதாகத்தான் சொல்வார் என்று எனக்கும் சந்தோஷம். நல்லதாகத்தான் சொன்னார்.

மூன்று மணிக்கு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். லொரெய்ன் சுவரோரம் நின்றிருந்தாள். ஆய்வாளர் முன்னால் நோராவின் கோப்பு.

"பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை," என்றாள். "பத்து மணிக்கு இடது பக்கம். பன்னிரண்டுக்கு வலது. ரெண்டுக்கு இடது. நாலுக்கு வலது. எல்லாத்துலயும் பி.எச்.னு கையெழுத்து. இது நீங்க போட்டதுதானே?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு நோரா எங்க இருந்தாங்க?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அறையில்தான் இருந்தாள் என்றேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஆய்வாளர் குரல் இறங்கிவிட்டது. வில்ஃபிடம் புண்ணைப் பற்றிக் கேட்டாளாம். அவருக்கு எங்கள்மேல் பழி வந்துவிடுமோ என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதாம். இந்தப் பெண்களைச் சொல்லாதீர்கள், இது ஆஸ்பத்திரியில் வந்த புண், பன்னிரண்டாம் தேதி நெஞ்சுப் படம் எடுக்கக் காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், சாயங்காலம் ஆறு மணிவரை தள்ளுவண்டியிலேயே மல்லாக்கக் கிடந்தாள், ஒரு நாய் வந்து புரட்டவில்லை, நான் கூடவே இருந்தேன், தேதி எப்படி ஞாபகம் என்றால் அன்றைக்குத்தான் அவளுக்குப் பிறந்த நாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டாள். அதிலும் அதே தேதி.

கேவலம் என்னவென்றால், அந்த ஆம்புலன்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதே நான்தான். நோராவின் கால்மேல் போர்வையைப் போர்த்தி, பிறந்த நாள் கேக்கை சாயங்காலம் வெட்டலாம் என்று சொல்லி அனுப்பினவளும் நான்தான். அந்த நாளைத்தான் கறுப்புப் பேனாவால் நாலு கட்டம் நிரப்பியிருந்தேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாங்கள் திருப்பினோம், சத்தியமாகத் திருப்பினோம், எழுத நேரமில்லை, இன்று காலையில்தான் உட்கார்ந்து எழுதினேன், இவர்களைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதினேன். லொரெய்ன், இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடித்திருப்பேன்.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கட்டம் காலியா இருந்திருந்தா பதிவு சரியில்லைன்னு எழுதியிருப்பேன். மூணு மாசம் டைம் குடுத்திருப்பேன். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு பெர்னடெட், நானே பாத்தேனே. இப்ப என்ன பண்றது? இந்த இல்லத்துல எந்தத் தாளை நான் நம்பறது? மருந்துச் சார்ட்டையா? சாப்பாட்டுச் சார்ட்டையா?"

அவள் காலில் விழாத குறை. என் பெயரை மட்டும் எழுதுங்கள், என்னை வேலையை விட்டுத் துரத்துங்கள், போலீஸில்கூடக் கொடுங்கள், இல்லத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அது தன் கையில் இல்லை என்றாள். கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன, எழுத வேண்டியதை எழுதினாள்.

ஆறாவது வாரம் அறிக்கை வந்தது. போதாது. பொய்ப்பதிவு என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. ஹாட்பாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது. மறுநாளே முதலாளி மூடப்போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வருமென்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். என்மேல் விசாரணை வைத்தார்கள். ஆனால் ஆள் கிடைக்காததால், மூடும்வரை வேலை செய், பேனாவை மட்டும் தொடாதே என்றார்கள். அந்தக் கடைசி நாட்களில் நான் நோராவைத் திருப்ப, கமீலா எழுதினாள். ஒரு கட்டம் விடாமல் எழுதினாள். என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

சும்மா இருக்கவில்லை நான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன் போட்டேன். ரெண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்வீர்களா என்று பத்தொன்பது இல்லங்களில் கேட்டேன். நர்ஸ் இருக்கும் இடத்தில் வில்ஃபுக்கு அனுமதி இல்லை; வில்ஃபை எடுக்கும் இடத்தில் நர்ஸ் இல்லை. ஒரே ஒரு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நின்றேன். என் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன், என் படுக்கையறையைக் காலி செய்து தருகிறேன் என்றேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, லார்ச்வுட்டில் பதிவைத் திருத்தியவர் நீங்கள்தானே என்று கேட்டாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன்.

வில்ஃப் நக்கல் பேசுவதை நிறுத்திவிட்டார். சமூகசேவகர் வந்து விவரம் சொன்ன நாளிலிருந்து நோரா கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நோராவுக்குக் கிடைத்தது மலைப்பக்கம், பர்ன்லிக்கும் அப்பால் ஒரு நர்ஸிங் இல்லம். அவருக்குக் கிடைத்தது இதே ஊரில், ரெண்டு தெரு தள்ளி. அவளிடம் போய்வர ஒரு டிராம், ஒரு ரயில், ஒரு பஸ். மாதம் ஒருமுறை யாராவது அவரை அழைத்துப்போக முயற்சி செய்வதாகச் சமூகசேவகர் எழுதித் தந்திருந்தார். முயற்சி செய்வதாக.

கடைசி நாள் காலை பத்தரைக்கு ரெண்டு வண்டியும் ஒன்றாகவே வந்துவிட்டன. நோராவுக்கு ஆம்புலன்ஸ், அவருக்கு ஒரு டாக்சி. நானும் கமீலாவும் நோராவைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தோம். அவள் கை அவரைத் தேடிக் காற்றில் துழாவியது. வில்ஃப் சக்கர நாற்காலியில் ஆம்புலன்ஸ் கதவுவரை வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநரிடம், அங்கேவரை நானும் வருகிறேன், விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டார். தாளில் ஒரு பெயர்தான் இருக்கிறது, திரும்பக் கூட்டிவர வண்டி கிடையாது, மன்னிக்கணும் என்றார் ஓட்டுநர். நல்ல மனுஷர்தான். ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விலகி நின்றார்.

வில்ஃப் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"எல்லாம் என் வாயால வந்த வினை கண்ணு," என்றார். "உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு அந்தம்மாகிட்ட ஆஸ்பத்திரிக் கதையைப் போய் உளறினேன். மூடுறாங்கன்னு தெரிஞ்சதிலேர்ந்து நோராகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

ரெண்டு மாதமாக மனுஷர் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருநாள்கூட அவரிடம் வாயைத் திறக்கவில்லை. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, நான் காட்டவிடவும் இல்லை. இவ்வளவு நீளமான வாயை வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்திருக்கிறேன். சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க வில்ஃப். பொய் என்னோடது. சார்ட்ல எழுதாம விட்டதையெல்லாம் அன்னிக்குக் காலையில உக்காந்து நானே எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போன நாளையும் சேத்து எழுதிட்டேன். அதனாலதான் மூடுறாங்க. உங்களால இல்ல."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னையும் கமீலாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆனா நீங்க ரெண்டு பேரும் தவறாம வந்து திருப்பினீங்களே."

"திருப்பினோம். எழுதல. எழுதலைன்னா நம்ப மாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். வில்ஃப் நோராவின் விரல்களைத் தன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் போர்வைக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார்கள். அவருக்கு என்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தம்மாகிட்ட, என்னைக் கேக்கச் சொல்லியிருக்கலாமே கண்ணு. ஒவ்வொரு தடவையும் நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."